எடுக்கக் கூடாத தொலைபேசி

1

சென்ற வாரத்தோடு நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் முடிந்தது. இதைக் கொண்டாட வேண்டும் என்றார் என் கணவர். எப்படி என்று யோசித்து, கடைசியில் இருவரும் பல் மருத்துவரிடம் போய் வந்தோம். அன்றைக்குத்தான் அவரிடம் நேரம் கிடைத்திருந்தது.

ஆஸ்திரேலியாவில் ஒரு மாநில அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்த மாநிலம் என்று சொல்லப் போவதில்லை. என் மேலாளர் கிரெக்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுதான், இருந்தாலும் பயம் பயம்தான். வாழவே பிடிக்காமல் போகிற நேரத்தில் கூப்பிட்டுப் பேச இங்கே தொலைபேசி உதவி எண்கள் இருக்கின்றன. அவற்றை நடத்துபவை தொண்டு அமைப்புகள், பணம் கொடுப்பது அரசு. கொடுத்த பணத்துக்கு வேலை நடக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நான். மக்களின் துயரத்தை அவர்கள் கவனிக்கிறார்கள், அவர்களை நான் கவனிக்கிறேன், என்னை கிரெக் கவனிக்கிறார். கிரெக்கைக் கவனிக்க ஆள் இல்லை. அவருக்குத்தான் இரத்த அழுத்தம்.

பத்தாண்டு நிறைந்த அதே வாரத்தில் ஒரு காலாண்டு அறிக்கை என் மேசைக்கு வந்தது. கோதுமையும் ஆடுமாக இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து, ஓர் அறையும் ஒரு தொலைபேசியும் மட்டும் உள்ள சின்ன அமைப்பு அனுப்பியது. அறிக்கை முழுவதும் சிவப்பாக இருந்தது. எங்கள் கணக்கில், அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அழைப்புக்குப் 'பலனற்ற அழைப்பு' என்று பெயர். பலனற்றவை ஓர் அளவைத் தாண்டினால் கணினி சிவப்பு அடிக்கும். தொடர்ந்து சிவந்தால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அதுவே எழுதிவிடும். நான் கீழே கையெழுத்துப் போட்டால் போதும். வேறு கருத்து இருந்தால் எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் யாரும் எதுவும் எழுதி நான் பார்த்ததில்லை.

அந்த அமைப்பை நடத்தும் மார்கரெட்டைக் கூப்பிட்டேன். உங்கள் எண்ணுக்கு விடிந்ததும் இத்தனை பேர் கூப்பிட்டு உடனே வைத்துவிடுகிறார்களே, ஏன் என்று கேட்டேன். மறுமுனையில் மார்கரெட் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"அவர்கள் எங்கள் ஊர்க் கிழவர்கள். மழை பெய்து வருடக்கணக்காகிவிட்டது. ஆட்டுக்குத் தீனி போடப் போவதற்கு முன்னால் கூப்பிடுவார்கள். நாங்கள் ஹலோ என்றதும் வைத்துவிடுவார்கள்."

"எதற்காக?"

"நாங்கள் இருக்கிறோமா என்று பார்க்கிறார்கள். இருக்கிறோம். அவ்வளவுதான்."

அதை அறிக்கையில் எழுதியிருக்கலாமே என்றேன். எழுதினால் அரசாங்கம் தங்களை எண்ணுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்கள் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்த ஒற்றைத் தொலைபேசியும் போய்விடும். தொலைபேசியை வைத்துவிட்டு, காபி எடுக்கப் போனேன். காபி எந்திரம் பழுதாகியிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றபோது புதுப்பட்டினம் ஞாபகம் வந்தது.

2

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கடைக்கு மேலே இருந்தது எங்கள் அறை. தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. நான் சமூகப்பணி படித்து முடித்திருந்தேன். அப்பாவுக்கு அணுமின் நிலையத்தில் வேலை, வீடு அதன் குடியிருப்பான அணுபுரத்தில். கல்யாணம் ஆகும்வரை பெண் சும்மா இருக்கக் கூடாது என்று அப்பாவும், ரொம்ப தூரம் போகக் கூடாது என்று அம்மாவும் சொன்னார்கள். இரண்டுக்கும் பொருந்திய ஒரே வேலை, அந்த அறையில் ஓர் உதவி எண்ணுக்கு வரும் தொலைபேசியை எடுப்பதுதான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். சம்பளம் தெரிந்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

அந்த உதவி எண்ணைத் தொடங்கியவர் பத்மா மேடம், எங்கள் குடியிருப்பில் ஒரு விஞ்ஞானியின் மனைவி. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, தினமும் கோலம் போடும்போது பேசிக்கொண்டிருந்தவள், ஒருநாள் தன்னை மாய்த்துக்கொண்டாள். எதுவும் சொல்லாமல் போய்விட்டாளே என்று மேடம் ஒரு வருடம் நொந்து போனார். பிறகு ஒரு தொலைபேசிக்கு விண்ணப்பம் போட்டார். மாநில அரசில் ஒரு துறை இந்த மாதிரி வேலைகளுக்கு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு அதற்கும் விண்ணப்பம் போட்டார். இரண்டும் கிடைத்தன. அவை கிடைத்த வேகத்தைப் பார்த்தே மேடம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணைத் துண்டுத்தாளில் அச்சடித்து மாமல்லபுரம் பேருந்துகளில் ஒட்டினோம். கூப்பிடுகிறவர் பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, எங்கள் முகவரியும் சொல்லக் கூடாது என்பது விதி. முகவரி புதுப்பட்டினத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் காலை ஒரு பெண் கூப்பிட்டாள். பையன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்றாள். அவள் மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்களுக்குச் சங்கு, பாசிமாலை விற்பவள். தினமும் விடிந்ததும் கடலைப் பார்த்து நிற்கிறேன், ஒவ்வொரு நாளும் ஓர் அடி கூடுதலாக முன்னே போய் நிற்கிறேன் என்றாள். மேடம் அவளோடு வெகுநேரம் பேசினார். கடைசியில், நாளைக்கும் கூப்பிடுங்கள் என்றார்.

"தெனம் இன்னா பேசறது? சொன்னதியே சொல்லிகினு இருக்கவா? இருக்கேன்னு சொல்றதுக்கு ஒரு ரூபாயா?" என்றாள் அவள்.

நியாயமான கேள்வி. காசுப் பெட்டித் தொலைபேசியில் மறுமுனையில் எடுத்தால்தான் காசு உள்ளே விழும். எடுக்காவிட்டால் காசு திரும்பி வந்துவிடும். இதை அறியாதவர் அந்த நாளில் எங்கள் பக்கம் யாரும் இல்லை. நான் சென்னையில் விடுதியில் இருந்தபோது, போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவேன். அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சட்டத்தை மதிக்கும் மனிதர், வருமான வரியை முதல் வாரத்திலேயே கட்டுகிறவர், தொலைபேசித் துறையை மட்டும் இப்படி ஏமாற்றினார். குடியிருப்பு முழுவதும் அப்படித்தான் செய்தது.

ஆகவே மேடம் சொன்னார், "தினம் காலையில ரெண்டு ரிங் விட்டு வெச்சிடுங்க. நாங்க எடுக்க மாட்டோம். நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கறோம்."

"எட்த்துற மாட்டீங்களே?"

"மாட்டோம்."

அன்றிலிருந்து அவள் எங்களுக்கு 'ரெண்டு ரிங் அம்மா'. விஷயம் எப்படியோ பரவி, இன்னும் சிலர் அதே வழிக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு நேரம். அந்தக் கணக்குக்கு மேல் நீண்டால் எடுப்போம், அது பேச வந்தவர். துயரத்தில் இருப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி வைத்து, அது அடிக்கும்போது காலையில் பெரும்பாலும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். இதில் ஏதும் விநோதம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

3

தணிகாசலம் செங்கல்பட்டிலிருந்து முதல் பேருந்தில் வந்தார். மானியம் தரும் துறையின் ஆய்வாளர். சபாரி சட்டை, தோல் பை, பைக்குள் மதியத்துக்குத் தயிர் சாதம். பாலர் பள்ளி, தையல் மையம், நாங்கள் என எல்லாம் அவர் ஒருவர் தலையில்தான்.

முதலில் எங்களிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். பயனாளியின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, கையொப்பம் அல்லது கைநாட்டு.

"இது எங்களுக்குப் பொருந்தாது சார். பெயர் கேக்கக் கூடாதுங்கறதுதான் இங்க விதி," என்றார் மேடம்.

"அப்ப யாருக்கு உதவி பண்ணீங்கன்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது சார்."

"அவங்களுக்குப் பயன்பட்டுச்சுன்னு?"

"அடுத்த நாளும் கூப்பிடுவாங்க சார்."

"கூப்பிடலைன்னா?"

மேடம் தொலைபேசியைப் பார்த்தார். தணிகாசலம் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

ரெண்டு ரிங் அம்மாவின் நேரம். மேடம் அசையவில்லை. நான் அசையவில்லை. தணிகாசலம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடிக்குதும்மா."

"ஆமா சார்."

"எடுங்க."

"எடுக்கக் கூடாது சார்."

அரசாங்கப் பணத்தில் வாங்கிய தொலைபேசி, அரசாங்க ஆய்வாளரின் கண்ணெதிரே அடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கென்றே நியமிக்கப்பட்ட இரண்டு பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவரால் தாங்க முடியவில்லை. இரண்டாவது மணியில் பாய்ந்து எடுத்துவிட்டார்.

"ஹலோ, ஆய்வாளர் பேசுகிறேன்."

மறுமுனையிலிருந்து வந்த சத்தம் எங்களுக்கே கேட்டது.

"யார்யா நீ? ஏன்யா எட்த்த? ஒரு ரூபா பூட்ச்சே!"

தொடர்பு அறுந்தது. தணிகாசலம் கையிலிருந்ததைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவர் வைத்த உடனே மறுபடியும் அடித்தது. இந்த முறை நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுத்தேன்.

"இன்னா பாப்பா, ஆம்பள யாரோ எட்த்தாரு? போலீசா? ஏதனா பேஜாரா?"

"ஒண்ணும் இல்லம்மா. ஆபீசர் ஒருத்தர் வந்திருக்காரு."

"ஐய, பாவம். ஆபீசருக்கு இன்னா கஷ்டமாம்?"

நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். "தண்ணி குடுத்து உக்கார வெச்சி பேசுங்க. மனசு உட்ற போறாரு," என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். நான் தணிகாசலத்துக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்தார்.

மேடம் விளக்கமாகவே சொன்னார். அவரும் பொறுமையாகவே கேட்டார். நடுவில் அவர் இடுப்பிலிருந்த பேஜர் ஒருமுறை கீச்சிட்டது. எடுத்துக்கூடப் பார்க்காமல் அணைத்தார். "வூட்ல. கேஸ் சிலிண்டர் வந்துடுச்சாம்," என்றார். செய்தியைப் படிக்காமலே எப்படி சார் தெரியும் என்று கேட்டேன். இன்றைக்கு அது வந்தால் மட்டும் பேஜருக்குச் சொல்லு என்று காலையில் சொல்லி வைத்திருந்தாராம். அதையும் இதையும் அவர் சேர்த்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஒருவேளை பார்த்திருக்கலாம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அவர் துறைக்கு அனுப்பிய குறிப்பின் நகல் பிறகு எங்களுக்கு வந்தது. மணி அடித்தும் ஊழியர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. பயனாளிகளின் கையொப்பம் இல்லை. இரண்டு வாக்கியமும் உண்மை. உரிய விளக்கம் வரும்வரை மானியம் நிறுத்திவைக்கப்பட்டது.

4

என் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. அவளுடைய தமிழ் சனிக்கிழமை காலையில் மட்டும் வரும், தமிழ்ப் பள்ளி முடிந்ததும் போய்விடும். மற்ற நாட்களில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள், நடுவில் என் கணவர் இரண்டும் புரியாதவர் போலத் தொலைக்காட்சி பார்ப்பார். போன வாரம் பள்ளியிலிருந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பட்டை ஒன்று கொண்டுவந்தாள். குழந்தைகளுக்கு மனசு சரியில்லை என்றால் கூப்பிட வேண்டிய எண் அதில் இருந்தது.

"உங்க ஆபீஸ்தான் இவங்களுக்கு மார்க் போடுதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவர்கள் நிஜமாகவே எடுப்பார்களா என்று கேட்டாள். எடுப்பார்கள், எத்தனை நொடியில் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்றேன். உனக்கு எதற்கு அது என்று கேட்க வாய் வரை வந்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி கேட்காமல், எப்போது வேண்டுமானாலும் என்னிடமும் சொல்லலாம் என்றேன். சொல்லும்போதே என் குரல் அலுவலகக் குரலாக இருந்தது எனக்கே கேட்டது. பிறகு எடுக்கக் கூடாத தொலைபேசியின் கதையைச் சொன்னேன்.

"ஃபோன எடுக்காம இருந்ததுக்கு கவர்மெண்ட் காசு குடுத்துதா?"

"கடைசியில குடுத்தது."

"கூல்," என்றாள். அவள் என்னிடம் இதுவரை கேட்ட ஊர்க் கதைகளில் இது ஒன்றுதான் பிடித்ததாம்.

இங்கே வந்த புதிதில் சக ஊழியை ஒருத்தியிடம், கிளம்பும்போது உனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறேன் என்று சொன்னேன். நான் தவறவிடப் போகும் அழைப்பை நீ எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதும் சரிதான். விளக்கினேன். அவள் முகத்தில் இரக்கம் தெரிந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மதிய உணவை எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்தாள்.

5

மானியம் நின்றதும் தொலைபேசிக் கட்டணம் பாக்கி விழுந்தது. முதலில் வெளியே பேச முடியாமல் போயிற்று. பிறகு உள்ளே வருவதும் நின்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் விஷயத்தில் பூசாரி இரண்டு பேர், மானியத் துறையும் தொலைபேசித் துறையும்.

அப்போதுதான் ஒன்று எங்களுக்கு உறைத்தது. ரெண்டு ரிங் அம்மாவின் பெயர் எங்களுக்குத் தெரியாது, முகம் தெரியாது, வீடு தெரியாது. இரண்டு மணிச் சத்தம் மட்டும்தான் தெரியும். இப்போது அதுவும் இல்லை. காலையில் காசைப் போட்டுச் சுழற்றுவாள், மணி போகாது. நாங்கள் அவளைக் கைவிட்டுவிட்டோம் என்று நினைப்பாளா? நினைத்துவிட்டு அந்தப் பெண் கடற்கரையில் எங்கே போய் நிற்பாள்? மேடம் மாமல்லபுரத்துக்குப் போய்ச் சங்கு விற்கும் பெண்களிடையே தேடலாம் என்றார். தேடினால் விதியை மீறியதாகும் என்று அவரே சொன்னார். பிறகு, விதி கிடக்கட்டும் என்று போனார். அங்கே சங்கு விற்கும் பெண்கள் பலர் இருந்தார்கள். 'நீங்கள் சாக நினைத்தவரா' என்று ஒவ்வொருவரிடமும் எப்படிக் கேட்பது? ஒரு பாசிமாலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

காலையில் வழக்கம்போல அறையைத் திறந்தோம். செத்துப்போன தொலைபேசியின் முன்னால் உட்கார்ந்தோம். அவளுடைய நேரம் வந்தது, போயிற்று. மேடம் முந்தானையால் தொலைபேசியைத் துடைத்தார். நான் அழுததும் அவர் அழுததும் அந்த அறையில் அப்போதுதான்.

சில நாள் கழித்து மாடிப்படியில் கலகலவென்று சத்தம் கேட்டது. கழுத்திலும் கையிலும் சங்கு மாலைகள் தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். கறுத்த, குட்டையான உருவம். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, உசுரோட கீறீங்களா ரெண்டு பேரும்?"

குரலைக் கேட்டதும் மேடம் எழுந்துவிட்டார்.

"ரிங்கே போவல. மொத நாளு பொட்டி ரிப்பேருன்னு நெனச்சேன். வேற பொட்டில போட்டேன், போவல. அடுத்த நாளும் போவல. எனுக்குப் பகீர்னு ஆயிடுச்சி. நாள் பூரா அழுவுற கதயே கேட்டுகினு கீறாங்களே, இவங்களே ஏதனா பண்ணிகினாங்களோன்னு."

"எங்களை எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்று மேடம் கேட்டார்.

"நம்பர பாத்தா இந்த ஊருன்னாங்க, பஸ் புட்ச்சி வந்தேன். இங்க டெலிபோன் ஆபீசுல லைன்மேன் கீறாரே, அவர புட்ச்சி இந்த நம்பரு யார் வூடுன்னு கேட்டேன். சொல்லக் கூடாதுன்னாரு. ரெண்டு பொண்ணுங்க உசுரு நைனான்னேன். சைக்கிள்லயே இட்டாந்து வுட்டாரு."

கீழே அரிசிக் கடை வாசலில் லைன்மேன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மேலே பார்த்து, எல்லாம் சரியா என்பது போலத் தலையை ஆட்டினார். நான் சரி என்று ஆட்டினேன்.

கடலுக்குள் போக நினைத்தவள், பேருந்து பிடித்து எங்களைக் காப்பாற்ற வந்திருந்தாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "வுடும்மா, மாலை அறுந்துடும்," என்றாள் அவள். நாங்கள் பெயர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

6

குடியிருப்புப் பெண்கள் சங்கம் சுண்டல் விற்று பாக்கியைக் கட்டியது. தொலைபேசிக்கு உயிர் வந்தது. துறைக்கு விளக்கமும் எழுதினோம். மணி அடித்தும் எடுக்காமல் இருப்பது எங்கள் பணியின் ஒரு பகுதி என்று மேடம் எழுதியதைப் படித்து, தணிகாசலமே மறுபடியும் வந்தார். அதே சபாரி சட்டை, அதே தயிர் சாதம்.

இந்த முறை அவர் தொலைபேசிக்கு எட்டாத இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நேரம் வந்தது. மணி அடித்தது. அவர் கை தானாக எழுந்தது, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது மணி அடித்து நின்றது.

"நல்லா இருக்காங்க சார்," என்றேன்.

அவர் பிடித்திருந்த கையை விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இங்கிருந்து பாலர் பள்ளிக்குப் போறேன்மா. அங்க புள்ளைங்க பேரைக் கூப்புடுவாங்க. சிலது உள்ளேன் ஐயான்னு சொல்லும். சிலது பேசவே பேசாது, சும்மா கையைத் தூக்கும். அதுக்கும் ஆஜர்னுதான் போடறோம். மதியச் சாப்பாடும் போடறோம். பேசினாத்தான் சாப்பாடுன்னு எந்த உத்தரவுலயும் இல்ல."

பையிலிருந்து பேனாவை எடுத்தார். பயனாளி கையொப்பம் என்ற கட்டத்தில், 'தினசரி ஆஜர், மணி மூலம்' என்று எழுதி, கீழே தானே கையெழுத்துப் போட்டார்.

"மேல கேட்டா?" என்றார் மேடம்.

"கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். மேல யாரும் படிக்கறதில்லம்மா. கட்டம் காலியா இருந்தாத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னது சரியாக இருந்தது. மானியம் மார்ச் மாதக் கடைசியில் வந்தது. மார்ச் முடிவதற்குள் செலவு செய்துவிடும்படி உத்தரவும் கூடவே வந்தது.

7

வெள்ளிக்கிழமை வந்தது. மார்கரெட்டின் அறிக்கையில், கிழவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், சின்னக் கட்டத்தில் எழுதினேன். அரை நிமிட அழைப்புகளைப் பலனற்றவை என்று கொள்ளாமல், வருகைப் பதிவு என்ற தலைப்பில் கணக்கிடப் பரிந்துரைக்கிறேன். ஆஜர் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் அவ்வளவு அழகான சொல் கிடைக்கவில்லை. கிடைத்ததைப் போட்டேன்.

கிரெக் கூப்பிட்டார். அந்தக் கட்டத்தில் எழுத முடியும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

"யாரும் எதுவும் பேசாத அழைப்புக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும்? இதனால் பிழைத்த ஒரே ஒருவரைக் காட்ட முடியுமா?"

"ஒருவரைத் தெரியும்."

"யார்?"

"பெயர் சொல்ல விதி அனுமதிக்கவில்லை."

அந்த விதியை எழுதியவர் கிரெக். மூன்று வருடம் கிடையாது, ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மார்கரெட்டுக்குச் சொன்னபோது, அப்படியா என்று மட்டும் கேட்டார். கோதுமைக்காரர்கள் இதற்கு மேல் சந்தோஷப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

8

கிரெக்கிடம் நான் சொன்னது ரெண்டு ரிங் அம்மாவைப் பற்றி அல்ல.

இங்கே வந்த முதல் வருடம் குளிர்காலம் எனக்கு நன்றாக இல்லை. கணவர் வேலைக்குப் போய்விடுவார். யாழினி வயிற்றில் இருந்தாள். திரைச்சீலையைத் திறக்கப் பிடிக்காது, குளிக்கப் பிடிக்காது, சில நாள் எழுந்திருக்கவே பிடிக்காது. இந்த அறிகுறிகளையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறியவள் நான். தெரிந்து என்ன பயன்? இங்கே உள்ள உதவி எண்ணுக்கு ஒருமுறை கூப்பிட்டேன். என் துயரத்தை ஆங்கிலத்தில் சொன்னபோது அது விடுப்பு விண்ணப்பம் மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பத்மா மேடத்துக்கு எழுதினேன். அவர் இரண்டு வரியில் பதில் போட்டார். தினம் மூன்று ரிங் விடு, எடுக்க மாட்டோம், இரண்டு ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

தினமும் மதியம் பன்னிரண்டுக்குப் புதுப்பட்டினம் எண்ணைச் சுழற்றுவேன். அங்கே அப்போது காலை, அறையைத் திறந்து பெருக்கி முடித்திருப்பார்கள். மூன்று ரிங் போகும். அங்கே இருவர் கையைக் கட்டிக்கொண்டு என்னைக் கேட்பார்கள். வைத்துவிடுவேன். அதற்காகவாவது எழுந்து கூடத்துக்கு வர வேண்டியிருந்தது. வந்த பிறகு, வந்ததே வந்தோம் என்று குளிப்பேன்.

வசந்தம் தொடங்கியதும் ஒரு திங்கட்கிழமை, வழக்கம்போலப் பன்னிரண்டுக்கு மூன்று ரிங் விட்டேன். அன்றைக்கு மனசு மிகவும் மோசமாக இருந்தது. வைத்துவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துவிட்டேன். மாலையில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். வெளிநாட்டு அழைப்பின் இரைச்சல், அதற்குள்ளே கலகலவென்று சங்குச் சத்தம்.

"இன்னா பாப்பா, இன்னிக்கி ஆஜர் காணோம்?"

எஸ்டிடி பூத்திலிருந்து பேசுகிறாள். விற்று முடித்து மாலையில் அறைக்கு வந்து போவது இப்போது அவள் வழக்கம், திங்கட்கிழமை வெள்ளைக்காரர் கூட்டம் இல்லை என்று மத்தியானமே வந்திருக்கிறாள். என் மூன்று ரிங் வரவில்லை என்று மேடம் சொன்னதும், அவரையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அடிச்சேன்மா. பன்னெண்டு மணிக்கு அடிச்சேனே."

"வரலியே. இவங்க காலீலேர்ந்து ஃபோனையே பாத்துகினு குந்தினு கீறாங்க."

அப்போதுதான் புரிந்தது. வசந்தம் வந்தால் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். முந்தின நாள் தள்ளியிருந்தார்கள். என் மூன்று ரிங்கும் ஒரு மணி நேரம் முந்திப் போய், புதுப்பட்டினத்தில் பூட்டிய அறைக்குள் அடித்து ஓய்ந்திருக்கிறது.

"கடிகாரத்த முன்னால தள்ளிட்டாங்கம்மா இங்க."

"யாரு?"

"கவர்மெண்ட்டு."

அவள் அதை மேடத்திடம் சொல்வது கேட்டது.

"கவர்மெண்டு எங்கயுமே இப்டித்தான். அவன் தள்ளினா நீயும் தள்ளி அடி. நாங்க இங்க செத்துப் பொழைச்சோம்," என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "இருக்கே இல்ல?"

"இருக்கேன்மா."

"சரி, வெச்சிடு. மீட்டரு ஓடுது."

சரி என்றேன். நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.